மகள் மெடிசின் வேண்டாமாம், சின்னப்பிள்ளையளின்ர கான்சர் ஜீன் ஆராய்ச்சிதான் வேணுமாம் – அறிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ

உவர்மலை அக்கா:
எல்லாருக்கும் வணக்கம். மகள் ஏ/எல் பயோ செய்தவ, ரிசல்ட் நல்லா வந்திருக்கு, எங்கட மாவட்டக் கட் ஓஃபுக்கு மெடிசின் கிடைக்கும் எண்டு டியூசன் சேரும் சொல்லுறார். ஆனா பிள்ளை ஒரே பிடியா நிக்கிறா, தனக்கு டொக்டர் வேலை வேண்டாமாம், சின்னப்பிள்ளையளுக்கு வாற கான்சரில ஜீன் எப்பிடிப் பழுதாகுது எண்டு ஆராய்ச்சி செய்யிறதுதான் வேணுமாம். எங்கட ஒழுங்கையில ஒரு சின்னப்பிள்ளை லுக்கீமியா எண்ட இரத்தப் புற்றுநோயில போனது, அதுக்குப் பிறகு வந்த யோசினை இது, இண்டுவரைக்கும் மாறேல்லை. இவருக்கு மனம் சரியில்லை, வீட்டில சாப்பிடேக்க கூட கதை இல்லை. அந்த வேலையில இருக்கிற ஆக்கள் உண்மையில என்னதான் செய்யினம், அதால ஒரு பிள்ளையாவது தப்பியிருக்கோ, எனக்கு விளங்கிற மாதிரி ஆராவது சொல்லுங்கோ.

டொக்யாட் ரோட்:
தங்கச்சி, ஒளிக்காமச் சொல்லுறன், மெடிசின் கிடைக்கிற பிள்ளை அதை விடுறது சரியில்லை. எங்கட மாவட்டத்தில டொக்டர்மார் காணாது, படிச்சு முடிச்சா வேலை நிச்சயம். ஆராய்ச்சி எண்டு வெளிக்கிட்டா டிகிரி, மாஸ்டர்ஸ், பிஎச்டி எண்டு முப்பது வயசு தாண்டும், அதுக்குப் பிறகும் கொன்ட்ராக்ட் வேலை. பிள்ளையின்ர ஆசையை நான் குறைச்சுச் சொல்லேல்லை. முதல் எம்பிபிஎஸ் முடிக்கட்டும், மற்றதைப் பிறகு பாக்கலாம்.

சாம்பல்தீவான்:
நான் இந்த வேலையிலதான் இருக்கிறன் அக்கா, ஊர் சாம்பல்தீவு, இப்ப வெளிநாட்டில ஒரு லாபில பிள்ளையளின்ர லுக்கீமியா பாக்கிறன். அண்ணை சொன்ன வயசுக் கணக்கும் கொன்ட்ராக்ட் கணக்கும் சரி, நான் மறுக்கேல்லை. ஆனா நீங்க கேட்டது ஒரு பிள்ளையாவது தப்பியிருக்கோ எண்டு, அதுக்கு ஒரு ஆளின்ர கதையைச் சொல்லுறன், கொஞ்சம் நீளம், இருந்து வாசியுங்கோ.

1960இல பிலடெல்பியாவில நோவெல், ஹங்கர்ஃபோர்ட் எண்டு ரெண்டு பேர், ஒரு வகை இரத்தப் புற்றுநோய்க்காரரின்ர செல்லில ஒரு குரோமோசோம் (ஜீன்கள் கோத்த நூல் மாதிரி ஒண்டு) கட்டையாக் கிடக்கிறதைக் கண்டினம். அது 22ஆவது. மிச்சத் துண்டு எங்க போனது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. சிக்காகோவில ஜனட் ரௌலி எண்டு ஒரு அம்மா, டொக்டருக்குப் படிச்சவ, நாலு ஆம்பிளைப் பிள்ளையளை வளர்த்துக்கொண்டு கிழமையில கொஞ்ச நாள்தான் வேலைக்குப் போனவ, முதல்ல வேலை செய்தது டவுன் சின்ட்ரோம் பிள்ளையளின்ர கிளினிக் ஒண்டில. புருசனோட ஒக்ஸ்ஃபோர்டுக்குப் போன இடத்தில குரோமோசோம் பாக்கப் பழகிக்கொண்டு வந்தா. 70களின்ர தொடக்கத்தில குரோமோசோமுக்குச் சாயம் போட்டு வரி வரியாப் பாக்கிற முறை வந்த உடன, மைக்ரோஸ்கோப்பில எடுத்த போட்டோக்களை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில பரப்பி, கத்தரிக்கோலால ஒவ்வொண்டா வெட்டிச் சோடி சேர்த்து, வரி வரியா ஒப்பிட்டுப் பாத்தவ. 1973இல ஆள் கண்டுபிடிச்சிட்டா, 22இல காணாமப்போன துண்டு 9ஆவதின்ர நுனியில ஒட்டிக்கொண்டு நிக்குது. கான்சர் எண்டா குரோமோசோம் கண்டபடி குழம்பிக் கிடக்கும், அதில அர்த்தம் ஒண்டும் இல்லை எண்டு அதுவரைக்கும் கன பேர் நினைச்சுக்கொண்டிருந்தவை. குழப்பத்துக்கு ஒரு ஒழுங்கு இருக்கு, இன்ன துண்டு இன்ன இடத்துக்குப் போனா இன்ன வருத்தம் எண்டு காட்டினது அவதான்.

பிறகு வந்த ஆக்கள் அந்த ஒட்டில ரெண்டு ஜீன் ஒண்டாச் சேர்ந்து செல்லை ஓயாமப் பெருக வைக்குது எண்டு கண்டினம், அதை அடக்கிற இமாட்டினிப் குளிசை 2001இல வந்தது. இனித்தான் பிள்ளையளின்ர கதை. சின்னப்பிள்ளையளுக்கு வாற ஏஎல்எல் எண்ட லுக்கீமியாவில அந்தக் கட்டையான 22 (பிலடெல்பியாக் குரோமோசோம் எண்டு பேர்) உள்ளவை நூத்துக்கு மூண்டு நாலு பேர்தான், ஆனா முந்தி அவையில பாதிக்கு மேல தப்பிறேல்லை. கீமோவோட இமாட்டினிப்பையும் சேர்த்துக் குடுத்துப் பாத்த ஆய்வில, மூண்டு வருசத்துக்கு வருத்தம் திரும்பாம இருந்த பிள்ளையள் நூத்துக்கு 80 பேர். முந்தின கணக்கு 35. 2013இல அமெரிக்காவில இந்தப் பிள்ளையளுக்கும் எண்டு அனுமதி குடுத்தினம், அந்த வருசக் கடைசியிலதான் ரௌலி காலமானா.

ஆகவே அக்கா, ஓம், தப்பியிருக்கு. அந்தப் பிள்ளையள் ஒருத்தரையும் அவவுக்குத் தெரியாது, அவையளுக்கும் அவவைத் தெரியாது.

கிண்ணியா வாப்பா:
தம்பி எழுதினத ரெண்டு தரம் வாசிச்சன். என்ட மகனுக்கும் ஏஎல்எல்தான், மஹரகம கான்சர் ஆஸ்பத்திரியில மருந்து எடுத்த, அல்ஹம்துலில்லாஹ் இப்ப ஸ்கூல் போறான், கிரிக்கட் விளையாடுறான். எனக்கு ஒரு விசயம் கேக்கணும். கீமோ முடிஞ்சு வீட்டுக்கு விட்ட பொறகு ராவைக்கு ஒரு குளிசை குடுக்கச் சொன்ன, 6எம்பி எண்டு. மத்தப் புள்ளைகளுக்குக் குடுக்கிற அளவு இவனுக்குத் தாங்கவே இல்ல. வெள்ளை அணு இறங்கும், காய்ச்சல் வரும், வாய் முழுக்கப் புண், தண்ணி கூடக் குடிக்கேலா, பொறகும் வார்ட்டுலதான். கடைசியில டொக்டர் குறைச்சு, அதையும் குறைச்சு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் அரைக் குளிசை எண்டு நிப்பாட்டினார். அவன்ட உம்மா அந்த அரைக் குளிசைய ஒரு சின்னப் பேப்பருல மடிச்சு, மேல நாளையும் எழுதி வரிசையா வெச்சிருப்பா, மாறிடும் எண்டு பயம். வாட்டுல எங்களுக்குப் பக்கத்துக் கட்டில் புள்ளைக்கு முழுக் குளிசை, ஒண்டும் செய்யல்ல. ஏன் எங்கட புள்ளைக்கு மட்டும் இப்புடி? இதுவும் இந்த ஜீன் விசயமா?

சாம்பல்தீவான்:
நானா, உங்கட மகனைப் பற்றி நான் இங்கயிருந்து தீர்ப்புச் சொல்லக்கூடாது, ஆனா நீங்க சொல்லுற மாதிரி அப்பிடியே நடக்கிற ஒரு ஜீன் விசயம் இருக்கு, அது எங்கட பக்கத்து ஆக்களுக்கு முக்கியமானது. 6எம்பியைச் செய்தது கெர்ட்ரூட் எலியன் எண்ட அம்மாவும் அவவோட வேலை செய்த ஹிட்சிங்ஸும், 50களின்ர தொடக்கத்தில. எலியனுக்கு பிஎச்டி கூட இல்லை, 1988இல நோபல் பரிசு வாங்கினவ. அந்த மருந்து உடம்புக்குள்ள போய் வேலை செய்து முடிய அதைச் செயலிழக்க வைக்கிற என்சைம்கள் இருக்கு. வெள்ளைக்காரப் பிள்ளையளில தாங்காம வாறதுக்குக் காரணம் கூடுதலா டிபிஎம்டி எண்ட ஜீன், அதைக் கன காலத்துக்கு முந்தியே கண்டுபிடிச்சாச்சு, சோதனையும் வந்திட்டுது. ஆனா ஆசியாப் பிள்ளையளில டிபிஎம்டி சரியா இருந்தும் மருந்து தாங்கேல்லை. ஏனெண்டு 2014, 2015இலதான் வெளிச்சது, என்யூடிடி15 எண்ட இன்னொரு ஜீன். முதல்ல கொரியாவில குடல் வருத்தக்காரரில கண்டினம், அடுத்த வருசம் மெம்பிஸில இருக்கிற சென் ஜூட் பிள்ளையள் ஆஸ்பத்திரி ஆக்கள் லுக்கீமியாப் பிள்ளையளில காட்டினவை. அந்த ஜீனில ஒரே ஒரு டிஎன்ஏ எழுத்து மாறியிருக்கும். தாய்ப்பக்கம் தகப்பன்பக்கம் ரெண்டிலயும் அந்த மாற்றம் வந்த பிள்ளையளுக்குத் தாங்கினது வழமையான அளவில நூத்துக்கு எட்டுப் பங்குதான். எட்டு! ஒரு பக்கத்தால மட்டும் வந்தா அறுபது சொச்சம். இந்த மாற்றம் கிழக்காசியாவில கூட, தெற்காசியாவிலயும் இருக்கு, ஐரோப்பாவில மிச்சம் குறைவு. ஐரோப்பாப் பிள்ளையளை மட்டும் பாத்துக்கொண்டிருந்தபடியாத்தான் இவ்வளவு காலம் கண்ணில படேல்லை. உங்கட டொக்டர் இரத்தத்தைப் பாத்துப் பாத்துக் குறைச்சது சரியான வேலை, நானா. ஆனா முதலே தெரிஞ்சிருந்தா அந்த வாய்ப்புண்ணும் காய்ச்சலும் பிள்ளைக்கு வந்திருக்கத் தேவையில்லை.

கிண்ணியா வாப்பா:
உம்மாக்கும் வாசிச்சுக் காட்டினன். அவட சாப்பாட்டுலதான் பிழை எண்டு சொந்தக்காரங்க சொன்ன நேரமும் இருந்த.

எம்எல்டி தங்கச்சி:
நான் ஆஸ்பத்திரி லாபில வேலை செய்யிறன், எந்த ஆஸ்பத்திரி எண்டு வேண்டாம். நானாவின்ர கடைசி வரிக்காகத்தான் எழுதுறன். சின்னப்பிள்ளை ஒண்டின்ர இரத்தம் வரும், காய்ச்சல், வெளிறிப்போயிருக்கு, காலில நீலத் தழும்பு எண்டு எழுதியிருக்கும். கண்ணாடியில ஒரு துளி இழுத்து லீஷ்மன் சாயம் போட்டுப் பாத்தா, இருக்கவேண்டிய செல் எதுவும் இல்லை, ஒரே மாதிரிப் பெரிய ஊதாக் கருவோட, சுத்திவரச் சின்ன விளிம்போட, நிறைஞ்சு கிடக்கும். அதைக் கண்ட உடன கன்சல்டனுக்குக் கோல் எடுக்கோணும், அண்டு ராவுக்கே பிள்ளையை அனுப்புவினம். அந்த நேரம் வெளியில நிக்கிற தாய் கேக்கிற முதல் கேள்வி ‘என்ன வருத்தம்’ எண்டது இல்லை, ‘நான் என்ன பிழை விட்டனான்’ எண்டதுதான். கிரகணத்தண்டு வெளிய போனதோ, வயித்தில இருக்கேக்க அன்னாசி சாப்பிட்டதோ, ஆரும் செய்வினை செய்ததோ எண்டு. மாமி வீட்டு ஆக்கள் அந்தத் தாயை அப்பிடியே பாத்துக்கொண்டு நிப்பினம். எனக்கு அந்த இடம்தான் தாங்கேலாது. இந்த ஆராய்ச்சியால தாய்மாருக்குச் சொல்ல ஏதாவது பதில் இருக்கோ அண்ணா?

சாம்பல்தீவான்:
இருக்கு தங்கச்சி, இந்தத் துறை தந்ததில எனக்கு ஆகப் பெரிசாத் தெரியிறதே அதுதான். 2010இல சென் ஜூட்டும் வாஷிங்டன் யூனிவர்சிட்டியும் சேர்ந்து ஒரு வேலை தொடங்கினவை, 600 பிள்ளையளின்ர கட்டியில இருக்கிற டிஎன்ஏயையும் அதே பிள்ளையின்ர நல்ல செல்லின்ர டிஎன்ஏயையும் முழுசா வாசிச்சு, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாக்கிறது. அந்த வழியில வந்ததுதான் 2015இல ஜிங்ஹுய் ஷாங், ஜேம்ஸ் டவுனிங் ஆக்கள் போட்ட கணக்கு. கான்சர் வந்த 1,120 பிள்ளையளில, பிறப்பிலயே கான்சருக்கு வழி விடுற ஜீன் மாற்றம் இருந்தது நூத்துக்கு 8.5 பேருக்குத்தான். மற்றப் பிள்ளையளிலயெல்லாம் அப்பிடி ஒண்டும் அம்பிடேல்லை, செல் பிரியேக்க எழுத்துப் பிழை விழுந்ததுதான். அந்த 8.5இலயும் கூட தாய் தகப்பன் விரும்பிக் குடுத்தது ஒண்டும் இல்லையே.

லண்டனில மெல் கிரீவ்ஸ் எண்டவர், அவர் டொக்டர் இல்லை, விலங்கியல் படிச்சவர், இதை இன்னும் பின்னுக்குக் கொண்டுபோனவர். லுக்கீமியா வந்த பிள்ளை பிறந்த அண்டு குதியில குத்தி எடுத்துக் காயவச்ச இரத்தப் பொட்டு இருக்கெல்லோ, இப்ப இலங்கையிலயும் தைரொயிட்டுக்கு எடுக்கினம், அந்தப் பழைய அட்டையைத் தேடி எடுத்துச் சோதிச்சா, வருசக்கணக்காப் பிறகு வந்த லுக்கீமியாவின்ர முதல் ஜீன் ஒட்டு அண்டைக்கே அதில இருக்கு! ஒரே மாதிரியான இரட்டைப் பிள்ளையளிலயும் இதைக் காட்டினவை. அந்த முதல் ஒட்டு உள்ள பிள்ளையளில ஆகக் கொஞ்சப் பேருக்குத்தான் வருத்தம் வரும், ரெண்டாவது பிழையும் விழவேணும். ஆக, கிரகணமும் இல்லை, அன்னாசியும் இல்லை. நீங்க அந்தத் தாய்க்கு நேர சொல்லலாம், ‘அம்மா, நீங்க செய்ததாலயும் இல்லை, செய்யாததாலயும் இல்லை’ எண்டு. மாமியும் பக்கத்தில நிக்கேக்க சொல்லுங்கோ.

நிலாவெளி டீச்சர்:
நான் பயோ படிப்பிக்கிறனான். அந்த ‘ரெண்டாவது பிழை’ எண்ட யோசினை எங்கயிருந்து வந்தது எண்டு பிள்ளையளுக்கு நான் எப்பவும் சொல்லுறது. அல்ஃபிரட் நட்சன், டெக்ஸஸில, 1971. அப்ப டிஎன்ஏ வாசிக்க மெசினே இல்லை. கண்ணில வாற ரெட்டினோபிளாஸ்டோமா எண்ட கான்சர், 48 பிள்ளையளின்ர பழைய பைல்களை எடுத்து வச்சுக்கொண்டு, எந்த வயசில வந்தது, ஒரு கண்ணோ ரெண்டு கண்ணோ, குடும்பத்தில இருந்ததோ எண்டு கணக்குப் போட்டவர். குடும்பத்தில இருக்கிற பிள்ளைக்கு நேரத்தோடயே, ரெண்டு கண்ணிலயும் வருது, இல்லாத பிள்ளைக்குப் பிந்தி, ஒரு கண்ணில. அப்பிடியெண்டா முதல் பிள்ளை ஒரு அடியோட பிறக்குது, ரெண்டாவது அடி மட்டும் போதும், மற்றதுக்கு ரெண்டும் பிறகுதான் விழவேணும் எண்டு வெறும் கணக்கால சொன்னார். அந்த ஜீனைக் கையில பிடிச்சது 1986இல, ஆள் சொன்னது சரி. ஏ/எல் பிள்ளைக்கு இதை விட நல்ல பாடம் நான் காணேல்லை.

இதையும் சொல்லவேணும், வாசிக்கிற தாய்மாருக்கு. பிளாஷ் போட்டு எடுத்த படத்தில பிள்ளையின்ர ஒரு கண்மணி மட்டும் வெள்ளையா மினுங்கினா, சும்மா விடாதேங்கோ, உடன கண் டொக்டரிட்டக் காட்டுங்கோ. எல்லாம் கான்சர் இல்லை, ஆனா பாக்கவேணும். நேரத்தோட பிடிச்சா உயிரும் தப்பும், கன நேரம் கண்ணும் தப்பும். குடும்பத்தில ஒருத்தருக்கு இருந்தா அடுத்த பிள்ளை பிறந்த உடனயே காட்டவேணும்.

ஸ்காபரோ கோணேசன்:
நான் திருமலை, இப்ப ரொறன்ரோவில. இங்க சிக்கிட்ஸ் ஆஸ்பத்திரியில டேவிட் மல்கின் எண்டவரின்ர வேலையைப் பற்றியும் சொல்லவேணும். லி-ஃப்ரோமெனி எண்டு ஒரு குடும்ப வருத்தம், தலைமுறை தலைமுறையாப் பிள்ளையளுக்கும் இளம் ஆக்களுக்கும் விதம் விதமான கான்சர் வரும். அதுக்குக் காரணம் டிபி53 ஜீன் எண்டு 1990இல வந்த கட்டுரையில முதல் பேர் அவரின்ரதான். பிறகு அந்த ஜீன் உள்ள பிள்ளையளுக்கு நேரத்துக்கு நேரம் இரத்தம், ஸ்கான், முழு உடம்பு எம்ஆர்ஐ எண்டு ஒரு ஒழுங்கு போட்டவை. 2016இல வந்த கணக்குப்படி, அப்பிடிக் கண்காணிச்ச ஆக்களில அஞ்சு வருசம் தாண்டினவை நூத்துக்கு 89, கண்காணிக்காத ஆக்களில 60. பிள்ளை இதைப் படிக்க ஆசைப்பட்டா விடுங்கோ அக்கா.

டொக்யாட் ரோட்:
எல்லாத்தையும் வாசிச்சன், தெரியாத கன விசயம் அறிஞ்சன். ஆனா ஒரு கேள்வி இருக்கு. உலக சுகாதார நிறுவனம் சொல்லுது பணக்கார நாடுகளில கான்சர் வந்த பிள்ளையளில 80 வீதத்துக்கு மேல தப்புது, வசதி குறைஞ்ச நாடுகளில 30 வீதத்துக்கும் குறைவு எண்டு. அந்த வித்தியாசம் ஜீன் தெரியாததால வந்ததோ? பிந்திக் கண்டுபிடிக்கிறது, மருந்து இல்லாதது, இடையில விட்டிட்டுப் போறது, இதுகளாலதானே. மூதூரில, புல்மோட்டையில இருக்கிற ஒரு தகப்பன் பிள்ளையோட ராவு பஸ் ஏறி மஹரகம போய் வரேக்க நாட்கூலி போகுது, மற்றப் பிள்ளையள் வீட்டில தனிய. முதல் அந்தப் பஸ் காசும் தங்க ஒரு அறையும் குடுக்கவேணும், ஜீனோம் பிறகு.

சாம்பல்தீவான்:
அண்ணை, நீங்க சொல்லுறதில முக்கால்வாசியை நான் கையெழுத்து வச்சு ஏற்றுக்கொள்ளுறன். பஸ் காசும் அறையும் முதல்ல, அதில ரெண்டாம் கதை இல்லை. ஆனா என்யூடிடி15 சோதினைக்கு முழு ஜீனோம் தேவையில்லை, ஒரு இடத்தில ஒரு எழுத்தைப் பாக்கிறது, சாதாரண பிசிஆர் மெசினில செய்யலாம். ஒரு பிள்ளை காய்ச்சலோட திரும்ப வார்ட்டுக்குப் போகாட்டி அந்தத் தகப்பனுக்கு எத்தினை பஸ், எத்தினை நாட்கூலி மிச்சம், நீங்களே கணக்குப் பாருங்கோ. இது வசதியான ஆக்களுக்கு மட்டும் உரிய விசயம் இல்லை.

எனக்கு மனவருத்தம் இதுதான். பெரிய பெரிய ஜீன் தரவுகளில கூடுதலா இருக்கிறது ஐரோப்பியப் பரம்பரை ஆக்கள். நான் ஒவ்வொரு நாளும் திறக்கிற பைல்களில கிண்ணியாவில, தம்பலகாமத்தில, மட்டக்களப்பில பிறந்த பிள்ளையளைப் போல ஆக்கள் கண்ணில படுறதே அரிது. என்யூடிடி15 பிந்தி அம்பிட்ட மாதிரி இன்னும் என்னென்ன எங்கட பிள்ளையளுக்குள்ள கிடக்கோ. அதை ஆர் வந்து பாப்பினம்? எங்கட பாசையில தாயோட கதைச்சு, ஏன் இரத்தம் எடுக்கிறம், அதை என்ன செய்வம், வேண்டாமெண்டா மறுக்கலாம் எண்டு ஒழுங்கா விளங்கப்படுத்தி, பிறகு அதே கையால தரவையும் பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்ச ஆக்கள் வேணும். அக்காவின்ர மகளைப் போல பிள்ளையள்தான். எங்கட மாவட்டத்துக்கு டொக்டர்மார் வேணும் எண்டது உண்மை, இதுவும் வேணும்.

உவர்மலை அக்கா:
எல்லாருக்கும் நன்றி, கண் கலங்கிட்டுது, முக்கியமா நானாவின்ர கதைக்கு. இவரும் போனில வாசிச்சவர், ஒண்டும் சொல்லேல்லை, ஆனா ‘அந்தக் குளிசை விசயம் உண்மையோ’ எண்டு கேட்டவர். தம்பி, மெடிசின் போட்டா ஆராய்ச்சிக்குப் போகேலாதோ, மெடிசின் போடாட்டி எங்க படிக்கிறது?

சாம்பல்தீவான்:
ரெண்டு வழியும் இருக்கு அக்கா. ரௌலியும் நட்சனும் டொக்டர்மார், கிரீவ்ஸ் விலங்கியல், ஜிங்ஹுய் ஷாங் கொம்பியூட்டர் பக்கத்து ஆள். டொக்டர் வழியில போனா நோயாளியோட நேர பழகலாம், ஆனா இன்டேர்ன், போஸ்டிங் எண்டு ஆராய்ச்சிக்கு வர நாள் எடுக்கும், நடுவில களைச்சு விட்டவையையும் கண்டிருக்கிறன். சயன்ஸ் வழியெண்டா பேராதனையில மொலிக்கியூலர் பயோலஜியும் பயோடெக்னோலஜியும், கொழும்பிலயும் பயோகெமிஸ்ட்ரிப் பக்கம் இருக்கு, யாழ்ப்பாணத்தில மெடிக்கல் லாப் சயன்ஸ். பிறகு கொழும்பு மருத்துவபீடத்து ஹியூமன் ஜெனடிக்ஸ் யூனிட் மாதிரி இடங்கள், அதுக்கு மேல பிஎச்டிக்கு வெளியால போகவேணும், சயன்ஸ் பிஎச்டிக்கு கன இடங்களில உதவிப்பணம் குடுப்பினம், வீட்டுக் காசு பெரிசாப் போகாது. என்ர அபிப்பிராயம், பிள்ளை இவ்வளவு நாள் மாறாம நிண்டா அவவின்ர வழியில விடுங்கோ. ஆனா எது எண்டாலும் புள்ளிவிபரமும் புரோகிராமிங்கும் கட்டாயம், இந்த வேலையில பாதிக்கு மேல கொம்பியூட்டருக்கு முன்னாலதான்.

உவர்மலை அக்கா:
வணக்கம் அண்ணா, நான் மகள், அம்மாவின்ர ஐடியில எழுதுறன். கம்பஸ் தொடங்கும் மட்டும் வீட்டில சும்மாதான் இருக்கப்போறன், பழைய லப்டொப் ஒண்டு இருக்கு. புரோகிராமிங் பைத்தனில தொடங்கவோ ஆர் (R) இல தொடங்கவோ?

சாம்பல்தீவான்:
ஆர் (R) இல தொடங்குங்கோ தங்கச்சி, காசு இல்லை, பழைய லப்டொப்பிலயும் ஓடும். சென் ஜூட் ஆக்கள் பீகேன் எண்டு ஒரு தளம் திறந்து விட்டிருக்கினம், உலகத்தில ஆரும் பாக்கலாம். அதில ஒரு ஜீனின்ர பேரை அடிச்சா, எந்த இடத்தில எந்த வருத்தத்தில மாற்றம் விழுந்திருக்கு எண்டு புள்ளி புள்ளியாக் காட்டும். முதல் டிபி53ஐ அடிச்சுப் பாருங்கோ, பிறகு ஆர்பி1 (டீச்சர் சொன்ன கண் கான்சர் ஜீன்), ரெண்டிலயும் புள்ளியள் விழுந்திருக்கிற விதத்தில என்ன வித்தியாசம், ஏன் அப்பிடி எண்டு உங்கட சொல்லில ஒரு பக்கம் எழுதி இங்கயே போடுங்கோ, நான் வாசிச்சுச் சொல்லுறன். டீச்சரும் பாப்பா.